காரணம் என்ற கட்டம்

ஃபஹாஹீலில் இரவு பதினொன்றே முக்கால்.
அட்லாண்டாவில் அலுவலகம் மூட
இன்னும் கால் மணி.
ஜெசிந்தா விழித்துவிடாமல்
போர்வைக்குள் இன்பாக்ஸை
இழுத்து இழுத்து விடுகிறேன்.

கிளாஸ்கோ மார்ச்சிலேயே சொல்லிவிட்டது:
இடம் உண்டு, பணம் கிடையாது.
முன்பணத்துக்குக் கெடு வெள்ளி.
அகாமா முடிவதும் அன்றுதான்.
பாங்காக் கட்டணமே வேண்டாம் என்கிறது.
“பாங்காக்கா?” என்றான் அண்ணன்,
துணிக்கடையில் கேட்காத நிறத்தை
எடுத்துப் போட்டதுபோல.

இன்று மதியம்
சாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்
தேக் பகதூரை. வயது இருபத்தாறு.
சிறுநீர், கட்டன்சாயா நிறம்.
பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டம்
நக அகலம்தான்.
காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
இந்தக் கோடையில் பதினேழாவது காய்ச்சல்.

பாங்காக் பாடத்திட்டத்தில்
ஒன்பதாவது வரி: வெயிலும் வேலையும்.
மற்ற இரண்டிலும் தேடினேன், இல்லை.
சரியாகத் தேடவில்லையோ என்னவோ.

சம்மதம் என்பதை அழுத்திவிட்டுப் படுத்தேன்.
பன்னிரண்டு பத்துக்கு
அட்லாண்டா ஒளிர்ந்தது.
திறக்கவில்லை.

ஆறு மணிக்கு ஷிப்ட்.
தேக் பகதூருக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்.
கட்டத்துக்கு வெளியே,
ஓரத்தில்,
கொஞ்சம் இடம் இருக்கிறது.