மேற்படி நபர்

விண்ணப்பத்தின் மூன்றாம் கூடு:
முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறு.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

பிறப்புச் சான்றிதழில் நான் நிரோசா தேவி.
ஓ.எல். பெறுபேற்றில் நிரோஜாதேவி.
அடையாள அட்டையில் நிரோஷாதேவி, ஒரே சொல்லாக,
எழுதியவருக்கு இடைவெளி விட மனமில்லை.
அப்பா ஓரிடத்தில் கருத்தப்பாண்டி,
இன்னோரிடத்தில் கறுப்புப் பாண்டி,
சேமலாப நிதிப் புத்தகத்தில் வெறும் பாண்டி.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே முதுகுவலி.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை.
முடிவுத் திகதி வெள்ளி. இன்று செவ்வாய்.
சாட்சிக் கூண்டில் ஒருநாள்
யாரையாவது ஏற்றிக் கேள்வி கேட்க நினைத்தவள்
தீப்பெட்டி அளவுக் கூட்டுக்குள் நின்று முழிக்கிறேன்.

பெயரில் வேறுபாடு இருப்பின்
சத்தியக் கடதாசி இணைக்கவும்.
பக்கம் நான்கு, சின்ன எழுத்து.

மஸ்கெலியா பஜாரில் ஜே.பி. நிலாப்தீன்
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.
இரண்டங்குல ஆணி முக்கால் கிலோ, அதற்குப் பிறகு நான்.
முத்திரை ஒரு பெயின்ட் டின்னுக்குள் இருந்தது.
அடித்து வைத்த படிவங்கள் ஒரு கட்டு,
பெயர் மட்டும் போட்டால் போதும் என்றார்.
வாசித்தேன். காணி உறுதிக்கு அடித்தது.
“எங்களுக்குக் காணி இல்லையே நானா.”
“தெரியும் மகள், அந்த வரிய வெட்டிருவோம்.”

வெட்ட விடவில்லை.
வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி
சீமெந்து மூட்டைமேல் வைத்து நானே எழுதினேன்:

இந்துவாகிய நான்
இத்தால் பக்திபூர்வமாகவும் நேர்மையாகவும் உண்மையாகவும்
வெளிப்படுத்தி உறுதிசெய்வதாவது,
மேற்படி நிரோசா தேவியும்
மேற்படி நிரோஜாதேவியும்
மேற்படி நிரோஷாதேவியும்
ஒருவரே.
அந்த ஒருவர் நானே.

எழுதும்போது கை நடுங்கவில்லை.
முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் நடுங்கியது.
மூவரும் ஆணிப்பெட்டிகளுக்கிடையில் வந்து நின்றார்கள்:
தோட்டத்து ஆஸ்பத்திரியில்
யாரோ அவசரமாகப் பதிந்துவிட்டுப் போன சிசு,
அட்டை கடித்த ரத்தம் காலுறையில் ஊற ஊற
கணக்குப் பாடம் எழுதிய பெட்டை,
வெள்ளவத்தைப் புடவைக்கடையில்
அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவள்.
மூவருக்கும் பொதுவாக
ஓர் இடது புருவத் தழும்பு.
அதை எந்தக் கடதாசியிலும் எழுதக் காணோம்.

நிலாப்தீன் கண்ணாடியை ஏற்றி இரண்டுதரம் வாசித்தார்.
“யாரு எழுதித் தந்த?”
“நான்தான்.”
“திகதி போடல்ல.”
போட்டேன். முத்திரை குத்தினார்.
இருநூறு ரூபாய்; ஐந்நூறுக்கு மிச்சம் தந்தார்,
அதில் ஒரு தாளில் கிரீஸ்.

பிறகு ஏழாம் கூடு: நிரந்தர முகவரி.
எங்கள் லயத்தில் இருபத்துநாலு காம்பரா,
இலக்கம் ஒன்றுகூட இல்லை.
கடிதம் வந்தால் ஆபீஸ் சன்னலில் கிடக்கும்
யாருக்காவது ஞாபகம் வரும்வரை.
தம்பியின் நேர்முகக் கடிதம் அப்படித்தான்
நேர்முகம் முடிந்து ஆறாம் நாள் வந்தது,
உறைமேல் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டத்தோடு.
நீர்த்தேக்கம் வற்றினால் தலைகாட்டும் பழைய கோயிலுக்கே
ஆட்டோக்காரர்கள் வழி சொல்கிறார்கள்.
நாங்கள் எந்தக் காலத்திலும் மூழ்கியவர்கள் இல்லை.

மே/பா நந்தகோபன் சலூன், பஜார், மஸ்கெலியா
என்று எழுதினேன்.
நந்தகோபன் கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த
கரண்ட் பில்லை எடுத்துவிட்டு
“இதில வைப்பன்” என்றான்.
ஒரு கடிதத்தின் அளவுக்கு வெற்றிடம்.
அதில் என் முகம் தெரிந்தது, பாதி.

தபாலகத்தில் பதிவுத் தபால் துண்டு தந்தார்கள்.
நிறோஷாதேவி.
வல்லின றகரம்.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் பதினொரு பேர்,
வெளியே ஹட்டன் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

சரி, நாலாமவளும் ஏறட்டும்.