பிழையாய் வந்த பெட்டி

பன்னிரண்டு டசின் தலைக்கிளிப் கேட்டிருந்தேன்
புறக்கோட்டை மவுஜூத் நானாவிடம்.
வந்தது வேறு.
வாள் பிடித்த பொடியன்கள்,
முழங்கால்வரை ஊதாத் தலைமயிரோடு பெட்டைகள்,
முகம் முழுக்கக் கண்ணாய் ஒரு பூனை.
"யப்பான் சாமான் அக்கா, கொழும்பில நல்லா ஓடுது."
கரடிப்போக்குச் சந்தியில் ஓடவில்லை.
எட்டு மாதம்
கொம்பாஸ் பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில்
கம்பியில் தொங்கித் தூசி குடித்தன.
கண்டி வீதியில் லொறி போனால்
எல்லாமாய்ச் சேர்ந்து ஒருதரம் ஆடும்.
அவ்வளவுதான் அவற்றின் சீவியம்.

ஆடி வெயிலில் ஒரு வான் நின்றது.
தகப்பன் சோடா கேட்டார்.
தாய் கழிவறை கேட்டார்.
மூத்தவன் இறங்கவேயில்லை.
கடைசியாய் வந்தவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்.
கம்பியைக் கண்டு
இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"அனிமே" என்றாள். "மங்கா" என்றாள்.
மாங்காய்க்கு இது காலமில்லைப் பிள்ளை
என்று சொல்ல வாயெடுத்தேன்.

பிறகு தொடங்கியது பரிசோதனை.
"அன்ரி, இவருக்குத் தலை நீலம். இஞ்சை பச்சை. பிழை."
"இவவுக்குக் கண் ரெண்டும் வேற வேற நிறம். இது பிழை."
"இவருக்கு ஆறு விரல்!"
பொலிஸ்காரன் லைசன்ஸ் பார்ப்பதுபோல்
ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பி.
எனக்கு வியர்த்தது.
"விலை குறைச்சுத் தாறன்."
"இல்லை இல்லை, பிழைதான் வேணும்.
சரியானது சூரிச்சில எல்லா இடமும் இருக்கு."

வெளிநாட்டு ஆக்கள் வந்தால் ஐந்நூறு சொல்லு,
இது இவர் போட்ட சட்டம்.
என் வாயில் வந்தது முந்நூறு.

அடியில் கிடந்தது ஒன்று, ஒற்றைக் காலோடு.
வரும்போதே அப்படித்தான்.
ஈர்க்குத் துண்டு ஒட்டி நிறுத்தியிருந்தேன்.
"அதை விடு பிள்ளை, உடைஞ்சது."
"உடையேல்லை அன்ரி.
எட்டாம் புத்தகத்தில கால் போயிடும்.
பிறகு இரும்புக் கால். பிறகு மரக்கால்.
இப்ப மூண்டாவது."
ஈர்க்கை நோகாமல் கழற்றி
மிச்சக் காசுபோல் என் உள்ளங்கையில் வைத்தாள்.

திரைக்குப் பின்னால் இவர் பகல் நித்திரை.
கழற்றின கால், சப்பாத்தோடு,
கொப்பிக் கட்டில் சாய்ந்து நின்றது.
திரை காற்றுக்கு விலகியது.
அவள் கண்டாள்.
அவள் கண்டதை நான் கண்டேன்.
வருகிற சனம் இந்த இடத்தில்
ஒரு முகம் எடுத்துப் போட்டுக்கொள்ளும்.
அந்த முகத்துக்குச் சொல்ல
என்னிடம் ஒரு பதில் எப்போதும் மடித்து இருக்கும்.

"இது எத்தினையாவது?" என்றாள்.

மடித்ததை விரிக்கவேண்டி வரவில்லை.
"நாலாவது."

புருவம் இரண்டும் மேலே போயின.
கையிலிருந்தவனைப் பார்த்தாள்,
ஒன்று பின்னுக்கு நிற்கிறாய் என்பதுபோல.

"அவனுக்குப் பிறகு என்ன நடக்கும்?"
"தெரியாது அன்ரி. இன்னும் கீறி முடியேல்லை."

"மிதுர்ஷா, கெதியா வா, பரந்தனில மாமா பாத்துக்கொண்டு நிப்பார்!"
பதினேழு சாமான், ஐயாயிரத்து நூறு.
தகப்பன் தாளை எண்ணும்போது
மகளைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தார்.
பூனை அவரைப் பார்த்தது.
"ஆர் அது?" திரைக்குள்ளிருந்து இவர்.
"உங்கடை ஆள் ஒராள்" என்றேன்.
விளங்கியிருக்காது.

ஒரு லொறி போனது.
கம்பியில் ஆட ஒன்றுமில்லை.

பின்னேரம் போன் எடுத்தேன்.
"நானா, அண்டைக்குப் பிழையா ஒரு பெட்டி அனுப்பினீங்கள்."
"அல்லா, எட்டு மாசத்துக்குப் பிறகா அக்கா?"
"இல்லை நானா, இன்னொண்டு வேணும்.
அதே பிழையோட.
ஆறு விரல், பச்சைத் தலை, கால் இல்லாதது,
ஒண்டும் திருத்தவேண்டாம்."
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
"தலைக்கிளிப்பும் போடுங்கோ" என்றேன்.
"அது மட்டும் சரியா வரட்டும்."