ஒரே கோடையில் குடியேறியவர்கள்

ஓஸ்திராவா நகராட்சியில்
ஒரு நடைபாதையை அரை மீட்டர் அகலமாக்கப்
பதினோரு கையெழுத்து வேண்டும்.
என்னுடையது ஒன்பதாவது.
இரவில், கணினி முன்னால், ஒரு விரல் போதும்.

காற்று போகும் பக்கம் ஆலைகளை வைத்தேன்.
டிராம் நிறுத்தம் எந்த வாசலுக்கும் ஐந்து நிமிட நடை.
கடைக்கு மேல் குடியிருப்பு,
நாற்சந்தியெல்லாம் வட்டச்சந்தி.
படித்தது பலித்தது; ஒரு லாரிகூட நிற்கவில்லை.
அந்தக் கர்வத்தில்
எட்டாயிரம் மனைகளை ஒரே இழுப்பில் பச்சையாக்கினேன்.
பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்.

அறுபது ஆண்டுகள், அதாவது மூன்று இரவுகள்.
பிறகு ஒரு கூரையின் மேல் மண்டையோட்டுக் குறி.
பக்கத்துக் கூரை. தெரு. பேட்டை.
எல்லாருக்கும் ஒரே வயது என்பது
அப்போதுதான் உறைத்தது.
என் வட்டச்சந்திகளில் சவ ஊர்திகள் சுற்றி வந்தன,
ஒன்றோடொன்று இடிக்காமல்,
அவ்வளவு நல்ல வடிவமைப்பு.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காபி போடப் போனேன்.
ஜன்னலுக்கு வெளியே எங்கள் பேட்டை:
எழுபத்தெட்டில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று
ஒரே கோடையில் எழும்பிய பதினான்கு கட்டடங்கள்.
மழலையர் பள்ளியில் இப்போது மூட்டுவலிச் சிகிச்சை.
இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
எங்கள் வாசலில் நான்கு பெயர்ப்பலகைகளைக் கழற்றினார்கள்.
ஆறாம் மாடி ஹ்ரூபெஷ்
ரொட்டிப் பையைக் கைத்தடியில் மாட்டிக்கொண்டு
வராத லிஃப்டுக்கு நிற்கிறார்.

எட்டாயிரம் மனைகளையும் அழிக்கவில்லை.
தெருவுக்கு ஒன்று காலியானதும்
ஒன்றை மட்டும் பச்சையாக்கினேன்,
விடியும்வரை.

காலையில் மேசைமேல்
எங்கள் கட்டடத்து லிஃப்ட் கோப்பு.
எட்டுக் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.
பிப்ரவரியிலிருந்து.