ஒற்றைக் கோடு

புளியரைச் சோதனைச் சாவடிக்கு நூறடி இந்தப் பக்கம்
என் கடை.
இ-வே பில், ஜெராக்ஸ், ரீசார்ஜ்.
கண்ணாடியில் ஒட்டிய தாளில் வைஃபை கடவுச்சொல்,
எட்டே எண்.
கேரளா போகும் லாரிக்காரர் பாதிப்பேருக்கு மனப்பாடம்.

ஒருமுறை ஒட்டிக்கொண்ட போன் பிறகு விடுவதில்லை.
வைக்கோலோ கோழியோ எம்-சாண்டோ ஏற்றிக்கொண்டு
வளைவில் இரண்டாம் கியரில் வண்டி திணறும்
பத்தொன்பது விநாடி
என் ரூட்டரின் பட்டியலில் பெயர்கள் முளைக்கும்:
ரெட்மி செல்லையா. விவோ 12.
‘தொடாதே’ என்று ஒரு போன்.
முளைத்த வேகத்தில் உதிரும்.
யார் மேலே போனார், யார் இன்னும் இறங்கவில்லை,
வாசலுக்கு வராமலே எனக்குத் தெரியும்.
யாரிடமும் சொன்னதில்லை இதை.

சாரல் அடித்த ஒரு செவ்வாயில்
ஆவுடையப்பன் வந்து சண்டை பிடித்தார்.
“ஒங்க கடையத் தாண்டும்போதெல்லாம் கட் ஆவுது.
நேத்து அவ ‘டாக்டர் என்ன சொன்னார்னா’ன்னு
ஆரம்பிச்சா. அவ்வளவுதான்.
வளைவு முடிஞ்சா காடு. டவர் ஏது?”

வாங்கிப் பார்த்தேன்.
மொபைல் டவர் நாலு கோடும் நிறைந்து நிற்கிறது.
அதை விட்டுவிட்டு
என் ஒற்றைக் கோட்டைப் பிடித்துத் தொங்குகிறது போன்.
பழகிய பெயர் என்றால் போதும் அதற்கு,
தாங்குமா என்று பார்ப்பதில்லை.

அமைப்புகளுக்குள் போய்க் கடைப்பெயரை அழுத்தினேன்.
‘இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு’ என்றிருந்தது.
மறக்க வைத்தேன்.
“என்ன சொன்னாராம் டாக்டர்?”
“கட்டி இல்லையாம், வெறும் நீராம்.”
போனைத் துடைத்துப் பையில் போட்டார்.
“ஆரியங்காவு வர்ற வரைக்கும்
கட்டியாத்தான் இருந்துச்சு.”

ஒருவர் போனில் மறக்கச் சொல்லலாம்.
பட்டியலில் நூற்றுப் பதினேழு பேர்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஜன்னலோரம் இருந்த ரூட்டரை
ஏ-ஃபோர் கட்டுகளுக்குப் பின்னே தள்ளினேன்.
வீச்சு: உயர்வு, நடுத்தரம், தாழ்வு.
தாழ்வு.
என் கவுண்டர் முன் நிற்பவருக்கு நிறைவாய்க் கிடைக்கும்,
சாலையில் போகிறவரைக் கைநீட்டிக் கூப்பிடாது.
பாதி எட்டும் கை இழுக்கத்தான் செய்யும், தூக்காது.

இப்போது பட்டியலில் மூன்று பெயர்:
நான், பிரிண்டர்,
பில்லுக்காகக் காத்துக்கொண்டே ரீல்ஸ் பார்க்கும்
புனலூர்க்காரப் பையன் ஒருவன்.
மழை இரவில் மேலே யார் சிக்கியிருக்கிறார் என்று
தெரிவதில்லை.
இரண்டு நாள் பழைய வீச்சுக்கே போகலாமா என்றிருந்தது.
பொய் சொல்வானேன், மூன்று நாள்.

நேற்று வளைவில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று,
கண்ணாடி இறக்கியிருந்தது.
ஸ்பீக்கரில் பெண்குரல்:
“உப்ப மட்டும் கொறச்சுப் போடச் சொல்லுங்க, அப்புறம் இந்த”
கியர் கரகரத்தது
“இந்தப் பச்சச் சட்டயக் காணோம்னு காலைலேந்து இவன்”

அறுபடாமல் மலையேறிப் போயிற்று பேச்சு.
யார் வண்டியோ.