பின்மூடி

எங்கள் வீட்டில் அசல் என்றால் கடன்.
மாதக் கடைசியில் தோ பாயோ அடகுக் கடையிலிருந்து
அப்பா திரும்பும்போது அம்மா கேட்பாள்:
“அசலா, வட்டியா?”
பெரும்பாலும் வட்டிதான்.

அதே சொல்லைச் சனிக்கிழமை
சிட்டி ஹால் பக்கம், ஏர்கான் சொட்டும் ஒரு கடையில்
தம்பி வேறு பொருளில் கேட்டான்.
“அசல்தானே இது?”

ஷெர்லின் குவெக் உடனே பதில் சொல்லவில்லை.
கண்ணில் லூப்பைச் செருகிக்கொண்டாள்.
வலது கட்டைவிரலில் மட்டும் நகம் நீளம்.
அதனால் கடிகாரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்,
காய்ச்சல் குழந்தையின் கழுத்தைத் தொடுவதுபோல.

டயல் மறுபூச்சு, என்றாள்.
எழுத்துகளின் ஓரத்தில் மை பிசிறியிருக்கிறது,
ஆலையில் இப்படி விடமாட்டார்கள்.
நொடிமுள் வேறொரு கடிகாரத்தினுடையது,
கோட்டைத் தொடாமல் ஓர் எள்ளளவு முன்னாலேயே நிற்கிறது பாருங்கள்.
சாவிக்குமிழ் பிற்பாடு வந்தது.
உள்ளே எந்திரம் சுத்தம். எண்கள் ஒத்துப்போகின்றன.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும்
தம்பியின் முகத்தில் விலை இறங்கியது.
காலையில் பொங்கோல் வீட்டு அடுக்களைக்கு
மனத்துக்குள் அலமாரியே மாட்டி முடித்திருந்தான்.
இப்போது ஒவ்வொரு கதவாகக் கழற்றினான்.

டயல் மாறிய கதை எனக்குத் தெரியும்.
கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டியவர் அப்பா.
கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து
பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை
பச்சைப் பாசியாய்ப் பூத்துப்போன வருஷம்.
பிசிறு இருந்தால் என்ன, அது எங்கள் பிசிறு
என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான்
அவள் கடிகாரத்தைக் கவிழ்த்தாள்.

“காதுகளின் முனை இன்னும் கூராக இருக்கிறது.
பக்கவாட்டில் யாரும் மெருகு போடவில்லை.
பின்மூடியை மட்டும் தேய்த்திருக்கிறார்கள்.
வேண்டுமென்றே.”

விளக்கைச் சாய்த்தாள்.
சாய்ந்த வெளிச்சத்தில், எஃகுக்குள்ளிருந்து
கொக்கிபோல் வளைந்த ஓர் ‘எல்’ எழுந்து வந்தது.
நடுவில் ஒன்றுமில்லை.
கடைசியில் வால் நீண்ட ஒரு ‘ஒய்’.
அதன் கீழே 1971.

அம்மாவின் பெயர் கோசலை.
கல்யாணம் எழுபத்து நாலில்.

“பரிசாக வந்திருக்கும்,” என்றாள் ஷெர்லின்,
மேசை துடைக்கிற குரலில்.
“இப்படி நிறைய வரும். இருநூறு வெள்ளி குறையும்.”

முதல் சம்பளத்தில் வாங்கினேன் என்பார் அப்பா.
சிராங்கூன் ரோட்டுக் கடை, மழை நாள்,
பேரம் பேசி மிஞ்சிய காசில் கோப்பி.
எத்தனையோ முறை கேட்ட அந்தக் கதையை
ரயிலில் வரும்போது லூப் வைத்துப் பார்த்தேன்.
ஓரத்தில் பிசிறே இல்லை.
நல்ல வேலை.

“நீயே வச்சுக்க,” என்றான் தம்பி.
தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்துபோய்க்
கதவருகே நின்றுகொண்டான்.

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.
“எவ்வளவு சொன்னாங்க?”
ஆயிரத்து நூறு.
“ம்.”
ரிமோட்டின் பேட்டரி மூடியைக்
கட்டைவிரலால் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
“பின்பக்கம் பாத்தாங்களா?”

இல்லம்மா, என்றேன்.

அடகு வைக்கப் போவது அப்பா.
வட்டி கட்டப் போவதும் அப்பா.
மீட்டு வந்தவள் மட்டும் எப்போதும் அம்மா,
அலுவலக மாடிகளைத் துடைத்த சம்பளத்தில்,
ஈரம் காயாத கையோடு,
அசலையும் சேர்த்துக் கட்டிவிட்டு.

கடிகாரத்தை வாங்கிச் சாவி கொடுத்தாள்.
எண்ணவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று
விரலுக்குத் தெரிந்திருந்தது.
காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“நாளைக்கு நாலு நிமிஷம் முன்னால ஓடும்,” என்றாள்.
“அப்பவும் அப்படித்தான்.”