ஞாயிறு வரைக்கும்

வெள்ளிக்கிழமை வரவேற்புக்கு
வியாழன் இரவே செதுக்கி முடித்துவிட்டேன்.
பதினோரு கிலோ பரங்கிக்காய்,
நேதாஜி மார்க்கெட்டில் தட்டித் தட்டிக் காது வைத்து எடுத்தது.
மயில் வேண்டாம், அன்னம் வேண்டாம் என்றார் பெண்ணின் அப்பா.
மாப்பிள்ளை முகம்தான் வேண்டும்,
பட்டாளத்துத் தொப்பியோடு.
போட்டோவில் கன்னத்து மச்சத்தைப் பார்த்து
ஒரு கிராம்பு குத்திவைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குச் செய்தி வந்தது:
அசாமில் எங்கோ தண்டவாளத்தின் மேல் தண்ணீராம்,
குணாளன் ஏறிய ரயில் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம்.
இங்கே பாலாற்றில்
நாய் நக்கக்கூட ஈரமில்லை.

வரவேற்பு ஞாயிறு, முகூர்த்தம் திங்கள் என்று மாற்றினார்கள்.
பந்தல்காரர் சரியென்றார். மேளக்காரர் சரியென்றார்.
பிரியாணி மாஸ்டர்
ஆடுகளுக்கு இரண்டு நாள் ஆயுள் கூட்டினார்.
பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"இன்னா மாஸ்டர், இது தாங்குமா?"

சத்துவாச்சாரியில் மே மாதம், நூற்றுப்பத்து டிகிரி.
வெட்டாத காய் ஆறு மாதம் கிடக்கும்
மூலையில், யாரையும் ஒன்றும் கேட்காமல்.
கத்தி பட்டுவிட்டால்
மணிக்கணக்குதான்.

தாங்கும் என்றேன். வாய் சொல்லிவிட்டது.

உள்ளே கைவிட்டு மறுபடி சுரண்டினேன்,
ஒரு நார் மிச்சமிருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.
பிளீச்சிங் தண்ணீரில் துடைத்து,
தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு,
வெட்டிய விளிம்பெல்லாம் வாஸ்லின் தடவினேன்,
இமை, உதடு, மூக்குத்துவாரம்,
தொப்பியின் சிங்கம்வரை.
உள்ளே மெழுகுவத்தி ஏற்றச் சொன்ன பையனை விரட்டினேன்.
முகத்தை உள்ளிருந்து வேகவைப்பதா?
மண்டபத்து ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுகளை நகர்த்தி
ஈரத்துணி சுற்றிக் குணாளனை உட்காரவைத்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை.
திறந்து பார்த்தால்
கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மீசை
ஒருபக்கம் சரிந்து தொங்கியது.

அண்டாவில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தினேன்.
குடிக்கட்டும், ராத்திரி முழுக்கக் குடிக்கட்டும்.
ஒரு மணி இருக்கும், சமையற்கட்டில் கொலுசுச் சத்தம்.
கல்யாணப்பெண் தாட்சாயணி,
மருதாணிக் கையை ஒட்டாமல் விரித்துப் பிடித்தபடி.
வீடியோ காலில் தவிர அவனைப் பார்த்ததில்லையாம்.
தண்ணீருக்கடியில் அந்தச் சுருங்கிய முகத்தை
குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
"வயசானா இப்படித்தான் இருப்பாரா மாஸ்டர்?"
காலைக்குள் சரியாகிடும்மா என்றேன்.
"இல்ல, பரவால்ல" என்றாள்.
"இதுவும் நல்லாதான் கீது."

விடிந்தபோது கன்னம் பாதி உப்பியிருந்தது.
மீசைக்குப் பல்குச்சி கொடுத்து நிறுத்தினேன்.
பின்மண்டையில் கறுப்பாய்ப் பூத்ததை
சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.
மேடைக்குப் பின்னால் ஆறு மணிவரை
தெளித்துக்கொண்டே இருந்தேன்,
காய்ச்சல்காரனுக்குப் போல.

நாலு மணிக்குக் காட்பாடியில் இறங்கி வந்தான்.
நாலு நாள் தாடி. குழிந்த கண்.
உதடு பாளம்பாளமாய் வெடித்திருந்தது.
நான் இரண்டு நாளாய்த் தடுத்துப் பார்த்ததெல்லாம்
அவன் முகத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது.
குளித்துச் சவரம் செய்து கோட்டுப் போட்டும்
முழுதாகப் போகவில்லை.
மேடையில் என் காயைப் பார்த்து,
"இது யாரு, எங்க சித்தப்பாவா?" என்றான்.

தாட்சாயணி சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.
போட்டோக்காரர் லென்ஸ் மாற்றும் இடைவெளியில்
என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்:
"மாஸ்டர், அந்த வாஸ்லின் மிச்சம் இருக்கா?"

திங்கள் காலை பில் கொடுத்தேன்.
செதுக்கியது ஒன்று. காத்தது இரண்டு நாள்.
இரண்டாவது வரியை அப்பா அடித்துவிட்டு
ஐஸுக்கு மட்டும் நூற்றைம்பது தந்தார்.
வாசலில் மாடு
தொப்பியிலிருந்து தொடங்கியிருந்தது.