அந்தச் சின்ன டிக்

நாற்பத்தொரு பால் சங்கங்களின் பெயரையும் சேர்த்தபின்
திரையின் அடியில் தானாக வந்து நிற்கும் ஒரு பெட்டி:
"பகிர்ந்ததை மின்னஞ்சலில் அறிவிக்கவா?"
நம்மைக் கேட்காமலே போட்டுவைத்த டிக்கோடு.

போன தடவை அதை அப்படியே விட்டுவிட்டேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு
வேலந்தாவளம் தொட்டு ஒழலப்பதி வரை
ஒரே நேரத்தில் போன்கள் கத்தின.
'உங்கள் அனுமதி மாற்றப்பட்டுள்ளது' என்பதை
'வேலை போய்விட்டது' என்று வாசித்த
எருத்தேன்பதி அப்புமணி
விடியுமுன் மழையில் வண்டியை மிதித்து
ஆபீஸ் வாசலில் நின்றார்,
பதினாறு வருஷத்துச் சம்பளச் சீட்டுகளை
உரச்சாக்கில் நனையாமல் சுற்றிக்கொண்டு.

மொழி வேறு.
மலையாளத்தில் அனுப்பினால் பாதிப்பேர் எழுத்துக் கூட்டுவார்கள்.
தமிழில் அனுப்பினால் மீதிப்பேர்
மேலிடத்துக்கு எழுதுவார்கள்.
இங்கிலீஷில் அனுப்பினால்
எல்லாரும் சமமாகப் பயப்படுவார்கள்.

அதனால் இந்த முறை டிக்கை எடுத்தேன்.
வாளையாற்றுக் கணவாய்க் காற்று
சாத்திய ஜன்னலுக்குள்ளும் வந்துவிடுகிற மாதிரி
போய்ச் சேர்ந்தது எல்லா இடத்துக்கும்.

மறுநாள் காலை
பரிசோதனை மெஷின் சொன்ன கொழுப்பு
தானே கணக்கில் ஏறியது,
தானே விலையைப் பெருக்கியது,
வெள்ளிக்கிழமை தானே பாங்குக்கு நடந்தது.
யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.
யாரும் மழையில் வந்து நிற்கவில்லை.
நல்ல வேலை என்றால் இப்படித்தான் என்று
கொழிஞ்சாம்பாறை டீக்கடையில்
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
ஒரு பழம்பொரி கூடுதலாகத் தின்றேன்.

பத்தொன்பதாம் நாள், பிரிண்டர் ஓடவில்லை என்று
வண்ணாமடைக்குப் போனேன்.
சாயங்காலப் பால் போய்விட்டது.
கழுவிக் கவிழ்த்த கேன்களுக்கு நடுவே
ரஹ்மத்நிஷா, ஒரு பென்சில்,
எட்டாம் நம்பர் தேய்ந்துபோன கால்குலேட்டர்.

"இதெல்லாம் இப்பத் தானாவே நடக்குதே, தெரியாதாம்மா?"

"தெரியும் சார். வந்த அன்னைக்கே தெரியும்.
நான் தொடாமலே தொகை விழுந்துச்சே."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

நோட்டை என் பக்கம் திருப்பினாள்.
நாலு புள்ளி பூஜ்யம் அஞ்சை
நாலாகவே எடுக்கிறது என் ஏற்பாடு.
மாரக்காளின் சிந்துப் பசுவுக்கு
தினம் அறுபது பைசா கம்மி.
கன்னிமுத்துவுக்கு நாற்பது.
இப்படி ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள்.
ஆகமொத்தம் நூற்றி எழுபத்தொரு ரூபாய்.
பிஸ்கட் டப்பாவிலிருந்து அவளே கொடுத்திருக்கிறாள்,
சில்லறை சில்லறையாக, கையெழுத்து வாங்கி.

"ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சார்?
எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல.
சொல்லாம வந்ததுகிட்ட
எப்படிச் சொல்றது?"

கவிழ்த்த கேன் ஒன்று இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
மற்ற நாற்பது இடத்திலும்
இப்படி ஒரு பென்சில் இருக்குமா என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
பிரிண்டரில் சிக்கியிருந்த காகிதத்தை உருவிவிட்டு
கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில், மடியில் லேப்டாப்.
பக்கத்து சீட்டுக்காரரின் சேனைக்கிழங்கு மூட்டை
என் முழங்கையை இடிக்க இடிக்க
புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தைத் திறந்துவிட்டேன்.
மறுபடியும் பகிரப் போனால்
அதே பெட்டி. அதே டிக்.

நாற்பது பெயருக்கு எடுத்தேன்.
அவர்களிடம் நேரில்தான் போகவேண்டும்,
பாக்கிக் காசோடு, ஒவ்வொரு ஊராக.
வண்ணாமடைக்கு மட்டும் விட்டுவைத்தேன்.

ராத்திரி ஒன்பது பத்துக்கு
தமிழில் ஒரு பதில்:

"வந்துச்சு சார்.
இப்ப மாரக்காளுக்கு எட்டுப் பைசா கூட விழுது.
திருப்பி வாங்கட்டுமா,
பசு பேர்ல இருக்கட்டுமா?"